ஆயிரம் ரூபாய்ச் சிரிப்பு

ஒரு பத்திரிகையின் பெயரை எழுத்துக்கு இவ்வளவு என்று விலைபேசி வாங்கிய கதையைத் தமிழ் இதழுலகில் தெரியாதவர் கிடையாது. 1926இல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய 'ஆனந்த விகடன்' இரண்டு வருடத்துக்குள் தள்ளாடிப்போயிற்று. விளம்பரத் தொழிலில் இருந்த எஸ்.எஸ்.வாசன் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து 1928இல் அதை வாங்கினார். நூறு வருடம் ஆன பிறகும் அந்த எட்டு எழுத்து அட்டையில் நிற்கிறது.

விகடனின் நாவல்கள், தொடர்கதைகள், முத்திரைக் கதைகள், ஜெமினி ஸ்டுடியோவோடு அதற்கிருந்த உறவு ஆகியவற்றை எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொள்வது சிரிப்பை. அதிலும் பதவியில் இருப்பவரைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பை. இந்தச் சிரிப்புக்காக ஆசிரியர்கள் பேர் வாங்கினார்கள், ஓவியர்கள் பேர் வாங்கினார்கள், ஒருவர் சிறைக்கும் போனார். ஆனால் அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் காசு கொடுத்து வாங்கியும் ஓசியில் படித்தும் வந்த சாதாரண வாசகர்கள். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இது எப்போதும் பிடிபட்டதில்லை. ஒவ்வொரு முறையும் ஓர் ஆளைத் தேடிப் பிடித்தார்கள். ஜோக் மட்டும் கைக்கு அகப்படவில்லை.

தொடக்க காலத்தில் விகடனுக்கு முகம் கொடுத்தவர் கல்கி என்ற ரா.கிருஷ்ணமூர்த்தி. அவர் 1922இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டுச் சிறைக்குப் போனவர். 1930இல் மறுபடியும் போனவர். அப்படிப்பட்டவர் ஒரு நகைச்சுவைப் பத்திரிகையில் வந்து உட்கார்ந்தது முரண்போலத் தோன்றும். ஆனால் காலத்தைப் பாருங்கள். 1931ஆம் வருடத்துப் பத்திரிகைச் சட்டத்தின்படி, ராஜத் துரோகம் என்று சர்க்கார் கருதினால் அச்சகத்திடம் ஜாமீன் தொகை கேட்கலாம். தொகையைப் பறிமுதலும் செய்யலாம். தலையங்கத்தில் கோபப்பட்டால் சர்க்காருக்குச் சட்டம் இருந்தது. ராவ் பகதூர் பட்டத்துக்கு அலைகிறவரைப் பற்றி நாலு பக்கம் கேலி எழுதினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? கல்கி இந்த இடைவெளியைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டார். வாசகரும் புரிந்துகொண்டார். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே சர்க்காருக்குத் தெரியாத ஒரு கண்சிமிட்டல் அப்போதே ஏற்பட்டுவிட்டது.

அதற்காக விகடனை வீரப் பத்திரிகையாகச் சித்திரிக்க நான் தயாரில்லை. வாசன் தேசபக்தர்தான், ஆனால் தொழில் தெரிந்தவர். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் போடுகிறவர். 1940-41இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை செல்வதென்று கல்கி முடிவெடுத்தபோது இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கல்கி வெளியேறி, 1941இல் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கினார். எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி அந்த நிறுவனத்துக்குள் எப்போதும் இருந்தது. பல சமயம் 'இவ்வளவு தூரம் போதும்' என்பதே பதிலாகவும் இருந்தது. இதை மறைத்துவிட்டு நூற்றாண்டு மலர் போடுவதில் அர்த்தமில்லை.

கல்கிக்குப் பின் 1942 முதல் 1957இல் மறையும்வரை நிர்வாக ஆசிரியராக இருந்த தேவன், வேறு தினுசு. அவர் வைஸ்ராயைத் தொடவில்லை. மானேஜரைத் தொட்டார், வக்கீலைத் தொட்டார், கோர்ட்டைத் தொட்டார். அவருடைய துப்பறியும் சாம்பு, அசட்டுக் களை வழியும் ஒரு பாங்கு குமாஸ்தா. இன்ஸ்பெக்டர் கோபாலன் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வழக்கில் சாம்பு தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். போலீஸ் தொப்பியைக் கண்டாலே எழுந்து நின்ற ஒரு தலைமுறை, அந்தத் தொப்பிக்குக் கீழே இருக்கிற மூளையும் நம்முடையதைப் போல சாதாரண மூளைதான் என்று வாராவாரம் தெரிந்துகொண்டது. தேவன் இதை அரசியல் என்று நினைத்திருக்கமாட்டார். நான் நினைக்கிறேன்.

படங்களின் கதை தனி. மாலி என்ற டி.ஆர்.மகாலிங்கம்தான் தமிழ் வாசகருக்குக் கேலிச்சித்திரத்தைப் பார்க்கப் பழக்கியவர். கச்சேரி மேடையில் பாகவதர் வாயைக் கோணுவதை இரண்டு கோட்டில் பிடிப்பார். படத்தில் மாட்டியவர்களும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிய மனிதரைக் கோணலாக வரைந்தால் அது அவமானம் அல்ல என்ற பழக்கத்தை முதலில் உண்டாக்கிக் கொடுத்தவர்கள் சங்கீத வித்துவான்கள்தான். ராஜு, கோபுலு, சாரதி என்று ஒரு வரிசையே மாலியின் நிழலில் வளர்ந்தது. கோபுலு வரைந்த பொதுக்கூட்ட மேடையை நினைத்துப் பார்க்கிறேன்: முழங்கால்வரை தொங்கும் துண்டு, சற்றே எக்கிய வயிறு, மைக்கின் கழுத்தைப் பிடித்திருக்கும் கை, பின்வரிசையில் தூங்கும் ஒருவர். யார் சாயலும் இருக்காது. எல்லோர் சாயலும் இருக்கும். பிறகு வந்த மதன் அந்த மேடைக்கு வேகம் கொடுத்தார். அவருடைய தலைவர்கள் நிற்கமாட்டார்கள். ஓடுவார்கள், விழுவார்கள், மாலையோடு மாட்டிக்கொள்வார்கள்.

இனி எழுதியவர்களுக்கு வருகிறேன். தமிழ் வார இதழ்களின் துணுக்கு எழுத்தாளர்களைப் பற்றி இலக்கிய வரலாறுகளில் ஒரு பத்திகூடக் கிடையாது. தாலுகா ஆபீஸ் எழுத்தர், ரயில்வே ஊழியர், பள்ளிக்கூட ஆசிரியர், மளிகைக்கடையில் கணக்கெழுதுகிறவர், மதியம் பாத்திரம் கழுவி முடித்த பெண்மணி. ஊர்ப்பெயரையோ அப்பா பெயரையோ தலையில் சூடிக்கொண்டு ஒரு புனைபெயர். ஒரு தபால் கார்டில் ஒரு ஜோக். இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டும். நாலு வரியைத் தாண்டக்கூடாது. கடைசி வரியின் கடைசிச் சொல்லில் வெடிக்க வேண்டும். எந்த ஜோக் எந்தப் பத்திரிகைக்குப் போயிற்று என்று நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைப்பார்கள். ஒன்றையே இரண்டு இடத்துக்கு அனுப்பினால் மானம் போய்விடும். பிரசுரமானால் சில ரூபாய் மணியார்டர் வரும். அதைக் கொண்டுவருகிற தபால்காரர் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருவார். ஆக, ஜோக்கை எழுதியவர் யார் என்பது பணம் கைக்கு வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

இவர்கள்தான் தமிழ்நாட்டு அரசியல்வாதியின் சித்திரத்தைக் கூட்டாக எழுதி முடித்தவர்கள். ஒரு தலைவர், ஒரு தொண்டர், ஒரு மேடை. "தலைவர் ஏன் பேச்சைப் பாதியில் நிறுத்திட்டார்?" "கரன்ட் வந்திடுச்சு. கூட்டம் எவ்வளவுன்னு பார்த்துட்டார்!" இது நான் இப்போது கட்டியதுதான், ஆனால் படித்ததும் எங்கோ பார்த்த மாதிரி உங்களுக்குத் தோன்றினால், அந்த வகைமைக்குக் கிடைத்த வெற்றி அது. ஊழல், கட்சி தாவல், உண்ணாவிரதம், வாரிசு என்று ஒவ்வொன்றுக்கும் நூறு விதமான நாலு வரிகள் குவிந்தன.

மன்னர் ஜோக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ராஜாக்கள் போய் இத்தனை காலமான பிறகு தமிழ்ப் பத்திரிகைகளில் அவர்கள் ஏன் இவ்வளவு பெருகினார்கள் என்று யாராவது யோசித்ததுண்டா? போருக்குப் பயந்த மன்னர், புலவருக்குப் பரிசு தராத மன்னர், அந்தப்புரத்தில் ஒளியும் மன்னர். "மன்னா, எதிரி படையெடுத்து வருகிறான்!" "எந்தத் திசையில் என்று சீக்கிரம் சொல்லும் அமைச்சரே, மற்ற மூன்று திசையும் நமக்கு வேண்டும்." இதில் முதலமைச்சர் இல்லை, கட்சி இல்லை, கொடி இல்லை. எந்தச் சட்டப் பிரிவும் பாயாது. ஆனால் புகழ்மாலை கேட்டுக் காது புளித்த ஒரு மாநிலத்தில், புலவர் எதிரே உட்கார்ந்து முதுகு சொறியச் சொல்லும் மன்னர் யார் என்று வாசகரிடம் விளக்க வேண்டியதே இல்லை. தெருக்கூத்தில் ராஜா வேஷம் மேடைக்கு வருவதற்கு முன்பே கட்டியங்காரன் அவரை ஒரு வாங்கு வாங்கிவிடுவான். ராஜா வந்து அதே ஊர்ச் சனங்களின் எதிரில்தான் ஆட வேண்டும். அந்த உரிமையைத் துணுக்கு எழுத்தாளர்கள் தபால் கார்டுக்கு எடுத்துவந்தார்கள் என்று சொல்லலாம்.

இந்தச் சிரிப்பு எல்லாமே மேல்நோக்கிப் பாய்ந்தது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. பழைய தொகுதிகளைப் புரட்டினால் அதே பக்கங்களில் மாமியார், வேலைக்காரி, நர்ஸ், குண்டுப் பெண், திக்குவாய்க்காரர் என்று எளியவர்கள் மேல் விழுந்த ஜோக்குகள் மன்னருக்குச் சமமாக இருக்கும். தலைவரைக் கேலி செய்கையில் இருந்த கூர்மை வீட்டுக்குள் வந்ததும் சோம்பலாக மாறிவிடும். இன்று படிக்கையில் பல துணுக்குகள் கசக்கின்றன. இன்னொன்று: தலைவர் ஜோக் ஒரு கட்டத்தில் தேய்ந்துபோய், தலைவர்களே மேடையில் சொல்லிச் சிரிக்கிற அளவுக்குப் பல் பிடுங்கிய பாம்பாகிவிட்டது. அரசியல்வாதிகள் எல்லோரும் திருடர்கள் என்று பொதுவாகச் சொல்வது, குறிப்பிட்ட ஒரு திருட்டை யாரும் கேட்காமலிருக்க வசதியான வழியும்கூட.

அந்தப் பல் இன்னும் இருக்கிறது என்று 1987இல் நிரூபித்தது விகடன் அல்ல, தமிழ்நாடு சட்டமன்றம்.

அப்போது ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன். வாசனின் மகன், 1956 முதல் ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர், சேவற்கொடியோன் என்ற பெயரில் கதை எழுதியவர். சோ 1970 பொங்கலன்று 'துக்ளக்' தொடங்கியபோது அதற்குப் பின்னால் நின்றவரும் இவரே. எண்பதுகளில் 'ஜூனியர் விகட'னையும் மாணவர் பத்திரிகையாளர் திட்டத்தையும் கொண்டுவந்து, கல்லூரிப் பிள்ளைகளை மாவட்டம் மாவட்டமாகச் செய்தி எடுக்க அனுப்பியவர். ஆனால் அவரைச் சிறைக்கு அனுப்பியது புலனாய்வுச் செய்தி எதுவுமல்ல, 29.3.1987 தேதியிட்ட ஆனந்த விகடனின் அட்டைப்பட ஜோக். மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று மற்றவர் அடையாளம் சொல்கிறார். அவ்வளவுதான். பெயர் இல்லை, கட்சி இல்லை, மாநிலத்தின் பெயர்கூட இல்லை.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பேரவை எழுந்து நின்றது.

காலத்தையும் பார்க்க வேண்டும். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1984இல் படுத்த படுக்கையாகி, அமெரிக்காவில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்; 1987 டிசம்பரில் மறைந்தார். பேரவைத் தலைவர் நாற்காலியில் பி.எச்.பாண்டியன். சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்ற அவருடைய கூற்று அப்போது ஊரெங்கும் அடிபட்டது. சில மாதங்களுக்கு முன்புதான், 1986 டிசம்பரில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்ட நகலை எரித்ததற்காகக் க.அன்பழகன் உட்படப் பத்து தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்திருந்தார்கள். அந்தச் சூட்டோடு ஜோக் விவகாரம் வந்தது. அடுத்த இதழின் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது பேரவை. பாலசுப்ரமணியன் கேட்கவில்லை. 1987 ஏப்ரல் 4 அன்று அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது; அன்றே கைது, மத்திய சிறை.

இதிலுள்ள வேடிக்கையை அன்றே பலர் கவனித்தார்கள். தமிழ்நாட்டில் நாடக மேடையிலும் சினிமாவிலும் ஜனங்களைச் சிரிக்க வைத்தே ஆட்சிக்கு வந்த ஓர் இயக்கத்தின் கிளைதான் அன்றைய ஆளுங்கட்சி. என்.எஸ்.கிருஷ்ணன் சிரிப்பில் பகுத்தறிவை ஊட்டியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மரபு. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை அடக்கக் காங்கிரஸ் அரசு 1954இல் நாடகச் சட்டம் கொண்டுவந்தபோது, கேலிக்குத் தடையா என்று கொதித்த மரபு. நாற்காலி மாறியதும் காதும் மாறிவிடுகிறது.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். பத்திரிகையாளர்கள் நாடெங்கும் கண்டனம் தெரிவித்தார்கள். அது அவர்கள் தொழில், செய்வார்கள். ஆனால் அந்த ஜோக்? அட்டையைப் பார்க்காதவர்கள்கூடக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். சலூனில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், எம்.எல்.ஏ. ஒருவர் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் பந்தியில் ஒருவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டார்கள். வாசகர் ஒருவர் எழுதியனுப்பி, ஓவியர் வரைந்து, ஆசிரியர் தேர்ந்தெடுத்து, கடைக்காரர் தொங்கவிட்டு, லட்சக்கணக்கானோர் சிரித்த ஒன்றுக்கு எத்தனை பேரைப் பிடிப்பது? விளைவு, இரண்டே நாளில் பாலசுப்ரமணியன் வெளியே வந்தார். தண்டனையில் பாக்கி எண்பத்தெட்டு நாளை யாரும் வற்புறுத்தவில்லை.

அவர் அதோடு விடவில்லை என்பதுதான் இந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த பகுதி. சிறைவாசல் மாலையோடும் போட்டோவோடும் திருப்திப்படாமல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏழு வருடம் நடந்தது வழக்கு. 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் கைதானது தவறு என்று சொல்லி, அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் தரச் சொன்னது. அரசாங்கம் கொடுத்தது. அந்த ஆயிரம் ரூபாயைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டிவைத்தார் அவர். பத்திரிகையின் பெயருக்கு அவருடைய அப்பா கொடுத்த விலையைப் போல ஐந்து மடங்கு. ஒரு ஜோக்குக்கு அரசாங்கம் இவ்வளவு சன்மானம் கொடுத்தது வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை என்று கேலியாகச் சொல்லத் தோன்றுகிறது. அந்த ஜோக்குக்குத் துணுக்கு எழுத்தாளருக்குப் போன மணியார்டர் எவ்வளவு இருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சட்டமன்றத்துக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தின் 194ஆம் பிரிவு, சட்டமன்றத்தின் உரிமைகள் எவை என்று தனிச் சட்டம் இயற்றும்வரை, இங்கிலாந்து மக்களவைக்கு இருந்த உரிமைகளே இங்கும் செல்லும் என்று தொடங்கியது. அந்தத் தனிச் சட்டம் இன்றுவரை வரவில்லை. எந்தச் சொல் குற்றம், எது குற்றமில்லை என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. குற்றம் சாட்டுகிறவரும் விசாரிக்கிறவரும் தண்டிக்கிறவரும் ஒருவரே. 1964இல் உத்தரப் பிரதேசத்தில் கேசவ் சிங் என்பவரைத் துண்டுப் பிரசுரம் ஒன்றுக்காகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அவருக்கு ஜாமீன் கொடுத்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரையே காவலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிற்று. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கும்வரை போயிற்று அந்தக் கூத்து. நம் பேரவையும் 1987இல் பாடம் படிக்கவில்லை. 2003 நவம்பர் 7 அன்று 'தி இந்து' ஆசிரியர் குழுவினருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று தீர்மானித்தது. நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதில் ஜோக் இல்லாததால் என் கணக்கில் வராது.

என் கணக்கில் வருவது 2025. நூறாவது வருடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த விகடனுக்கு மறுபடியும் ஒரு கேலிச்சித்திரத்தால் வந்தது வினை. பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட 104 இந்தியர்கள் ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் வந்திறங்கினார்கள். கை காலில் விலங்கிட்டு ஏற்றி அனுப்பியதாக அவர்கள் சொன்னது நாடெங்கும் பேச்சாயிற்று. அடுத்த வாரம் பிரதமர் அமெரிக்காவுக்குப் போக இருந்தார். பிப்ரவரி 10 தேதியிட்ட 'விகடன் பிளஸ்' மின்னிதழில், டிரம்ப் பக்கத்தில் விலங்கோடு மோடி உட்கார்ந்திருக்கும் சித்திரம் வந்தது. தமிழ்நாடு பா.ஜ.க. தலைவர் பிரஸ் கவுன்சிலுக்கும் மத்திய இணை அமைச்சருக்கும் புகார் அனுப்பினார். பிப்ரவரி 15 மாலை முதல் பலருக்கு விகடன் இணையதளம் திறக்கவில்லை.

1987ஐயும் 2025ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்னது நேர்மையானது என்றுகூடச் சொல்லிவிடுவேன். அன்று கோபப்பட்டவர்கள் எழுந்து நின்று, பெயரோடு, அவைக்குறிப்பில் பதிவாகும்படிக் கோபப்பட்டார்கள். மன்னிப்புக் கேள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் வாய்ப்பிருந்தது. 2025இல் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். நம் வீட்டு நெட் கோளாறா, அவர்கள் சர்வர் கோளாறா என்று வாசகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். தளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, குழு, கூட்டம் என்பதெல்லாம் பிறகு வந்தவை. ஒரு படம் பிடிக்கவில்லை என்பதற்காக மொத்தத் தளத்தையும் மூடியது, அட்டை பிடிக்கவில்லை என்று அச்சகத்துக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது. ஆனால் அந்தச் சித்திரம் இருந்த பக்கத்தை விகடன் தற்காலிகமாக நீக்கிவைக்க வேண்டும் என்றது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் மன்னிப்பு மறுத்த நிறுவனம் இம்முறை பக்கத்தை எடுத்துக்கொண்டது. குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று வாரம் முடங்கிக் கிடந்த ஒரு நிறுவனத்தின் நிலை அது. வாசன் இருந்திருந்தால் அப்படியே செய்திருப்பார் என்று தோன்றுகிறது.

இரண்டிலும் மாறாதது வாசகர்கள். விகடன் பிளஸ் சந்தாதாரர்கள் மட்டும் பார்த்திருக்கக்கூடிய ஒரு படம், தளம் மூடிய அன்று இரவே வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுக்கள்வரை போய்ச் சேர்ந்தது. முதலமைச்சர் ஸ்டாலினும் எதிர்க்கட்சிகளும் பத்திரிகை அமைப்புகளும் கண்டித்ததைவிட, காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே யாரோ ஒரு சித்தப்பா அதை அனுப்பியதுதான் பெரிய சங்கதி.

இங்கே ஒரு கவலையும் உண்டு. நாலு வரி ஜோக்கின் இடத்தை மீம் பிடித்துக்கொண்டுவிட்டது. வேகத்திலும் துணிச்சலிலும் தபால் கார்டு அதன் கிட்டே நெருங்க முடியாது. வடிவேலுவின் ஒரு முகபாவம் இன்று தமிழ்நாட்டில் எந்தத் தலையங்கத்தைவிடவும் அதிகம் பேசுகிறது. ஆனால் மீமுக்கு ஆசிரியர் இல்லை. நான்தான் தேர்ந்தெடுத்தேன், நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று முன்னால் வந்து நிற்க ஆள் இல்லை. 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தபோது கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு சித்திரம் வரைந்து தன் முகநூல் பக்கத்தில் போட்டார். போலீஸ் அவரைச் சென்னை வீட்டிலிருந்து நெல்லைக்குக் கொண்டுபோனது. மறுநாள் ஜாமீன் கிடைத்தது. சக பத்திரிகையாளர்கள் குரல் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் கதவு தட்டப்பட்ட நேரத்தில் அவருக்கும் அதிகாரத்துக்கும் நடுவே ஒரு பத்திரிகை அலுவலகத்தின் வாசல் இருக்கவில்லை. சிரிக்கிற கூட்டம் இன்று முன்னைவிடப் பெரிது. அந்தக் கூட்டத்தின் சார்பில் கையெழுத்துப் போடுகிற நிறுவனம் சுருங்கிவிட்டது. விகடன் போன்ற பழைய நிறுவனங்களுக்கு இன்னும் வேலை பாக்கியிருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

விழா மலரில் யோசனை சொல்வது மரபு என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓவியர்களின் ஜோக்குகள் தொகுதிகளாக வந்துவிட்டன. கோபுலுவுக்கும் மதனுக்கும் கிடைத்த மரியாதை நியாயமானதே. துணுக்கு எழுதியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. நூறு வருட இதழ்களிலிருந்து அவர்களின் பெயர்களை மட்டும் திரட்டி, ஊர்ப்பெயர், புனைபெயர் சகிதம், முதல் ஜோக் வெளியான இதழின் தேதியோடு ஒரு பட்டியலாக அச்சடிக்கலாம். ஆயிரக்கணக்கில் வரும். புனைபெயருக்குப் பின்னால் இருக்க விரும்புகிறவர்களை அப்படியே விட்டுவிடலாம். உயிரோடு இருப்பவர்களுக்குப் பிரதி ஒன்று தபாலில் போகட்டும். பழைய மணியார்டர் மின்னணு வடிவத்துக்கு மாறிவிட்டது. சன்மானத்தை என்ன வழியில் அனுப்புவது என்பதை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்.